நெப்போலியன் கல்லறை, இன்வாலிட்ஸ், பாரிஸ்: முதல்ல மியூசியம் பாருங்க, அப்புறம் கல்லறை

பாரிஸ் போறவங்க ஈஃபிள் டவர், லூவ்ர்னு ஓடிட்டு இன்வாலிட்ஸை விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ராணுவ மியூசியமும் நெப்போலியன் கல்லறையும் ஒரே வளாகம், ஒரே டிக்கெட், 18 வயசுக்கு கீழ இருக்குற பசங்களுக்கு ஃப்ரீ. மெட்ரோ 13-ம் லைன்ல வரென் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம்தான்.

கல்லறைக்கு மேல தங்கத் தகடு மின்னுற அந்த டோமை, அதான் குவிமாடத்தைப் பாத்ததும் கால் தானா அங்கதான் போகும், ஆனா முதல்ல மியூசியத்துக்குள்ள போங்க. அங்க நெப்போலியன் சவாரி பண்ண விசிர்ங்கிற குதிரைய பாடம் பண்ணி கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க, தொடையில கிரீடத்தோட 'N' எழுத்து முத்திரை இன்னும் தெரியுது, எவ்வளவு சின்ன குதிரை! அவரோட சாம்பல் கலர் கோட்டும் இருக்கு. 24 வயசுல டூலோன் துறைமுகச் சண்டையில பீரங்கி ஆபீசரா பேர் வாங்கி, 30 வயசுல ஆட்சியப் புடிச்சு, 35-ல தன் கையாலயே கிரீடம் வெச்சுக்கிட்ட ஆள், செயின்ட் ஹெலினா தீவுல ஈரம் புடிச்ச லாங்வுட் வீட்ல பிரிட்டிஷ் காவல்ல கிடந்து 51 வயசுல செத்தாருங்கிறது அந்த கோட்டு முன்னாடி நிக்கும்போதுதான் மனசுல ஏறுது.

இதுக்கப்புறம் டோமுக்கு வாங்க. மேல வளையமா நின்னு குனிஞ்சு கீழ இருக்குற கல்லறையப் பாக்கலாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கின சவப்பெட்டிகளுக்குள்ள இருக்காரு. சுத்தி தரையில ரிவோலி, மாரெங்கோ, ஆஸ்டர்லிட்ஸ்னு எட்டு போரோட பேரு, அதுல மாஸ்கோவாவும் ஒண்ணு, 1812 போரோடினோ சண்டைய பிரெஞ்சுக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. அங்க ஜெயிச்சு மாஸ்கோவுக்குள்ள போனா ஊரே பத்தி எரியுது, சாப்பாடு இல்ல, திரும்பி வர்ற வழியில குளிரும் பசியும் நோயும் சேர்ந்து படையையே முடிச்சிடுச்சு, கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் கிளம்பிப் போன படையெடுப்பு அது, அதையும் வெற்றின்னு தரையில பதிச்சு வெச்சிருக்காங்க! அவர் தோத்த 1813 லைப்சிக் இல்ல, 1815 வாட்டர்லூ இல்ல. சுத்துச் சுவர் சிற்பத்துல அவர் கொண்டு வந்த சிவில் சட்டத்துக்கு ஒரு இடம் உண்டு, பிரான்ஸ் 1794-ல ஒழிச்ச அடிமை முறைய காலனிகள்ல 1802-ல திரும்ப கொண்டு வந்ததுக்கு இல்ல, எனக்கு இது ரொம்ப உறுத்துச்சு.

அந்த கல்லறையோட செவப்புக் கல்லு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ரஷ்யாவுல இருந்து. அவர் படைய முடிச்ச நாட்டுக் கல்லுக்குள்ளயே அவரப் படுக்க வெச்சிருக்காங்க.

1940 ஜூன்ல ஹிட்லர் இங்க வந்து இதே கல்லறைய குனிஞ்சு பாத்துட்டுப் போனான். அடுத்த வருஷம் ஜூன் 22, 1812-ல நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ள போக நீமன் ஆத்தைத் தாண்டின தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி, அவனும் ரஷ்யாவுக்குள்ள படைய அனுப்பினான்.

முழுசா பாக்க அரை நாள் ஒதுக்குங்க, என் கணக்குல அஞ்சுக்கு அஞ்சு.