கரண்டு வைப்பதை விட்டுப் பொட்டலம் மடிக்கலாம்

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரிலிருந்து "வாதம் அடிச்சிட்டு" என்று போன் வந்தால், எந்த ஆஸ்பத்திரி, ஸ்கேன் எடுத்தாச்சா, எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் கேட்போம். வீட்டுக்கு வந்தபிறகு யார் வந்து கையையும் காலையும் பழக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தமுறை மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போனபோது நான் அதைத்தான் அதிகம் கவனித்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் சித்தப்பா வீட்டில் தங்கினேன். பலசரக்குக் கடை வைத்திருந்தவர், ஊருக்கே அண்ணாச்சி. பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாய்க்குளறல் சரியாகிவிட்டது. வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறார். வலது கைதான் மடியிலேயே கிடந்தது. விரல்கள் லேசாக விரியும், மணிக்கட்டு கொஞ்சம் நிமிரும், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் செய்த தனியார் மருத்துவமனை மாத்திரைகளை வேளைவாரியாகத் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தது. பிசியோவுக்கு ஒரே வரி: "தினமும் பயிற்சி செய்யவும்." என்ன பயிற்சி, எத்தனை தடவை, எதைச் செய்யக்கூடாது என்று ஒன்றுமில்லை. அதனால் டவுனில் ஒரு பிசியோ சென்டருக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். கட்டிலில் படுக்கவைத்து, கையில் பட்டையைக் கட்டி, மெஷினைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அரை மணி நேரம் தசை துள்ளிக்கொண்டிருந்தது. சித்தப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சூட்டு விளக்கு, கையை நாலு தடவை மடக்கி நீட்டியது, 400 ரூபாய்.

"கரண்டு வச்சாதான் நரம்பு முழிச்சுக்கிடும்னு சொல்லுதாவய்யா" என்றாள் சித்தி. ஊரில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். புறா ரத்தம் தடவச் சொன்னவர்களும் உண்டு, அதைச் சித்தியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கரண்டு அப்படியில்லை. மெஷின், டாக்டர் படிப்பு, ரசீது எல்லாம் இருப்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அத்தை மகள் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அங்கே மறைந்த பேராசிரியர் ஒருவர் நினைவாக ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகிறார்கள். இந்த ஆண்டு பேச்சு நரம்பியல் பிசியோதெரபியில் வந்திருக்கும் முன்னேற்றங்கள் பற்றி. "மச்சான், வந்து பின்வரிசையில உக்காந்து கேளுங்க" என்றாள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, மாலை போட்ட படம், வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள். முதல் பத்து நிமிடம் வழக்கமான விழாதான். அதன்பின் கேட்ட ஒன்றரை மணி நேரத்தை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன்.

பேச்சாளர் டாக்டர் மேரி வர்கீஸிலிருந்து தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்தவர், 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அறுவைசிகிச்சை நிபுணர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யப் பழகினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்ற மருத்துவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் கட்டி எழுப்பினார். வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966இல் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் வீட்டு மூலையில் கிடந்தே காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை என்று நம் மண்ணில் செய்து காட்டியவர் அவர். அந்தப் பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு மூத்த ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நான் தேடிப்போன விஷயம் வந்தது. எட்வர்டு டாப் என்பவரின் ஆய்விலிருந்து வளர்ந்த முறை ஒன்று. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைப் பயன்படுத்த விடாமல், விழுந்த கையை வேலை செய்ய வைப்பது. 222 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம் இரண்டு வாரம் இதைச் செய்து மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். கை முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. ஆனால் விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது நிமிர்கிறவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று பேச்சாளர் அழுத்திச் சொன்னார். எனக்கு உடனே சித்தப்பாவின் கைதான் கண்முன் வந்தது.

கண்ணாடிப் பயிற்சியும் வந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்தபடி அதன் பிம்பத்தைப் பார்த்தால், விழுந்த கையே அசைவதுபோல மூளை எடுத்துக்கொள்ளும். கை இழந்தவர்களுக்கு வரும் மாயவலிக்காக இதை முதலில் கொண்டுவந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன், நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1999இல் பக்கவாதக் கைக்கும் அதைச் சின்ன அளவில் செய்து பார்த்தார்கள். நூறு ரூபாய்க் கண்ணாடி போதும்.

சீக்கிரம் எழுப்பி நடத்தினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் அப்படியே சரியல்ல என்றார். மெல்போர்னைச் சேர்ந்த ஜூலி பெர்ன்ஹார்ட் குழு 2,104 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி அதிகம் நடக்கவைத்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட நல்ல முடிவு குறைவாகவே கிடைத்தது. நான் வாழும் நகரத்து ஆய்வை அம்பாசமுத்திரம் பஸ் நிற்கும் ரோட்டுப் பக்கத்து அரங்கில் கேட்கிறேனே என்று மனசு நிறைந்துபோனது.

என்னை உலுக்கியது இன்னொன்று. இந்தியா முழுவதும் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வீட்டில் பயிற்றுவிக்கச் செய்தால் போதுமா என்பது கேள்வி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியிலேயே வாழ்பவர்களும் சேர்ந்து, குடும்பத்தார் பயிற்றுவித்த பக்கமும் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கமும் 47 சதவீதம்தான். அதாவது, "சித்தி பார்த்துக்கொள்வாள்" என்று நாம் பணம் அனுப்பிவிட்டு இருப்பதற்கு ஆதாரம் இல்லை. அவள் சமைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், ராத்திரி இரண்டு தடவை எழுந்து கக்கூஸுக்குக் கூட்டிப்போகிறாள். பிசியோ வேலையையும் அவள் தலையில் கட்டக்கூடாது. படித்தவர் ஒருவர் முறையாக வந்து பார்க்கவேண்டும்.

கரண்டைப் பற்றி நானே எழுந்து கேட்டேன். பேச்சாளர் தமிழில் பதில் சொன்னார். அந்தத் துடிப்போடு சேர்த்து நோயாளி தானும் முயன்று ஒரு டம்ளரைப் பிடிக்கிறார், விடுகிறார் என்றால் பலன் உண்டு. சும்மா படுத்துக் கிடந்தால் மூளைக்குப் பாடமே நடக்கவில்லை. உபயோகமுள்ள ஒரு வேலை, நிறையத் தடவை, நோயாளியின் சொந்த முயற்சியில் நடக்கவேண்டும். இந்த ஒரு பதிலைச் சித்தி கேட்டிருந்தால் எத்தனை ஆட்டோக் காசு மிஞ்சியிருக்கும்! அந்த அரங்கில் நோயாளி வீட்டாராக இருந்தது நான் ஒருவன்தான்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரித்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொடுப்பது மட்டும்தான் அது என்று நானும் சொந்தக்காரர்களும் நினைத்திருந்தோம். வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் அதில் அடக்கம், காசு கிடையாது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்தோம். அடுத்த வாரம் ஒரு பெண் பிசியோ வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும்.

அவர் செய்த முதல் காரியம் சித்தப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்ததுதான். "அக்குளைப் பிடிச்சுத் தூக்காதீங்கம்மா, தோள் மூட்டு எறங்கிரும், வலி பிடிச்சுக்கிடும்" என்று சித்தியிடம் சொல்லி, இடுப்பைப் பிடித்து எழுப்பும் விதத்தைக் காட்டினார். நாலு மாதமாக எங்கேயும் யாரும் சொல்லாதது. பிறகு சித்தப்பாவிடம் திரும்பினார். "அண்ணாச்சி, கடையில என்ன வேல செய்வீங்க?" "பொட்டலம் மடிப்பேம்மா." பழைய தினத்தந்தியைக் கொண்டுவரச் சொன்னார்.

இடது கை தாளைப் பிடிக்கவேண்டும், வலது கை மடிக்கவேண்டும். முதல் பொட்டலம் பொட்டலமாகவே இல்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்து தாளைத் தள்ளிவிட்டார். அந்தப் பெண் பொறுமையாக மறுபடியும் எடுத்து வைத்தார். பிறகு கடுகு, உளுந்து, துவரை என்று பெரிதும் சிறிதுமாக எடுத்துக் கிண்ணம் மாற்றும் வேலை. இடது கைக்கு ஒரு பழைய அடுப்புத் துணி உறையை மாட்டிவிட்டு, காலையிலும் மாலையிலும் இதைச் செய்யச் சொன்னார். முற்றத்தில் சவுக்குக் கம்பு இரண்டை இணையாக நட்டு, நடைக்குப் பிடிமானம் செய்யச் சொன்னதும் அவர்தான். தச்சரிடம் சொல்லி அன்றைக்கே நட்டோம்.

நான் கிளம்பும்போது சித்தப்பாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு துவரம்பருப்பை எடுத்தன. சட்டைப் பொத்தான் இன்னும் போட முடியவில்லை. டவுன் சென்டரை நிறுத்திவிட்டோம். அந்தக் காசில் இன்னொரு தனியார் பிசியோவை வீட்டுக்கே வரவழைக்கிறோம். கரண்டு இல்லாமல் ஒரு மணி நேரம் பயிற்சி மட்டும் என்று பேசித்தான் ஏற்பாடு. அரசுப் பிசியோவுக்குப் பார்க்கவேண்டிய வீடுகள் நிறைய, அவரால் அடிக்கடி வர முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நம் பணம் போகவேண்டும் என்பது என் கருத்து. ஊரில் பிசியோ பார்க்கிறவரிடம் வீடியோ காலில் ஒன்றைக் கேளுங்கள்: இன்று நோயாளி தானாக எத்தனை தடவை கையை வேலைக்குப் பயன்படுத்தினார்? பதில் மெஷின் பெயராக இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

கல்லூரி முதல்வரிடமும் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நாளன்று மதியம், அதே பேச்சாளர் தமிழில் ஒரு மணி நேரம் நோயாளிகளின் வீட்டாருக்குப் பேசவேண்டும், அவர்கள் வந்துபோக வண்டிச் செலவு என்னுடையது. அவர் சம்மதித்து, கடிதமாக எழுதிக் கேட்டார். அத்தை மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நெல்லை, தென்காசிப் பக்கம் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால் சொல்லுங்கள். அவர்களுக்கும் வண்டியில் இடம் வைக்கச் சொல்கிறேன்.