நாகர்கோவிலில் வாங்கிய தட்டைத்தலை பெல்லட்: என் அனுபவம்

அரை கிராம் எடையுள்ள, தலை தட்டையான ஈய பெல்லட் (காற்றுத் துப்பாக்கியில் போடும் சிறு குண்டு) ஒரு டப்பா வாங்கி இரண்டு மாதமாகச் சுட்டுப் பார்த்துவிட்டேன், 4.5 மில்லிமீட்டர் குண்டு போடும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் (ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்திச் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இதற்கு முன் கூர்முனை பெல்லட்தான் பயன்படுத்தினேன், கூராக இருந்தால் நேராகப் போகும் என்று நினைத்து, ஆனால் பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஐந்து திசையில் போயின. இந்தத் தட்டைத்தலையோ குறி அட்டையில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடுகிறது, புள்ளி எண்ணக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. போட்டிகளில் தட்டைத்தலை பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

ஆனால் காற்று வந்தால் கதை வேறு. ஆரல்வாய்மொழிப் பக்கம், தென்னந்தோப்பில், ஆடி மாதக் காற்றில் முயன்றேன். இருபத்தைந்து மீட்டரில் இலேசான குண்டு எங்கேயோ ஒதுங்கிப் போகிறது. காலையில் காற்று எழும் முன் சுட்டால் சரி.

ஒரு குறை: டப்பாவுக்குள் அடியில் கிடந்த சிலவற்றின் பின்பக்க ஓரம் நசுங்கியிருந்தது, கடையில் சொன்னேன், மாற்றித் தரவில்லை. நசுங்கியதைப் போட்டால் காற்று கசிந்து குறி தவறும், எனவே ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், பிள்ளைகள் கையில் டப்பாவைக் கொடுக்கவே கூடாது.

அப்புறம், புறா, முயல் அடிக்க இது போதுமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அட்டையைச் சுடுங்கள், சிரட்டையைச் சுடுங்கள், பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.