பதினொரு வருஷமாக 9 காரட்: விக்டோரியா காலத்துத் தங்க நகைகளைப் போட்டுப் பார்த்த அனுபவம்

எடை போட்டு, செய்கூலி சேதாரத்துக்குப் பேரம் பேசி, 916 முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து நகை வாங்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன், கும்பகோணத்தில். கல்யாணமாகி பர்மிங்ஹாம் வந்த பிறகு பழைய பொருள் சந்தைகளில் அலையும் கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது, பதினொரு வருஷமாகிறது. இப்போது கையில் பதினேழு உருப்படிகள் இருக்கின்றன. எல்லாமே விக்டோரியா ராணி ஆண்ட காலத்தவை, அதாவது 1837 முதல் 1901 வரை, என்று நம்பி வாங்கியவை. அதில் ஒன்று அப்படி இல்லை என்று பின்னால் தெரிந்தது, அந்தக் கதையும் வருகிறது. நான் இவற்றைப் பூட்டி வைப்பதில்லை. வேலைக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறேன். அதனால் இது அழகைப் பற்றிய பதிவு இல்லை, நூற்றுச்சொச்சம் வயதான தங்கத்தைத் தினமும் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது.

நம் ஊர்க் கண்ணுக்கு முதலில் உறுத்துவது காரட். இங்கே 1854-ல் சட்டம் போட்டு 15, 12, 9 காரட் தங்கத்துக்கும் முத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் 22, 18 மட்டும்தான். 15 காரட் என்றால் 62.5 சதவீதம் தங்கம், 9 காரட் என்றால் 37.5 தான், மீதி செம்பும் வெள்ளியும். அந்த 15, 12 இரண்டையும் 1932-ல் எடுத்துவிட்டு 14-ஐக் கொண்டுவந்தார்கள், ஆகவே '15' என்றும் '.625' என்றும் முத்திரை இருந்தால் அந்த நகை 1854-க்கும் 1932-க்கும் நடுவில் செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த 15 காரட்தான். மஞ்சளும் வெண்ணெயும் கலந்தது மாதிரி ஒரு நிறம், நம் 22 காரட்டின் பளீர் மஞ்சளும் இல்லை, 9 காரட்டின் செம்பு வாடையும் இல்லை.

நான் வாங்கிய முதல் பொருள் ஒரு ஆல்பர்ட் சங்கிலி. ஆண்கள் கோட்டுப் பையில் கடிகாரத்தை மாட்டப் போட்டுக்கொண்ட சங்கிலி இது, விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் பெயரால் வழங்குவது. 9 காரட், 40 கிராம், சிவந்த தங்கம், நடுவில் பெரிதாகவும் ஓரம் போகப்போகச் சிறிதாகவும் வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் எறும்பு எழுத்தில் முத்திரை. 520 பவுண்ட் கொடுத்தேன். அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள், "எடை அஞ்சு பவுன் வரும், ஆனா நம்ம கணக்குக்கு ரெண்டு பவுன்தான்டி தங்கம்." கணக்கு சரிதான். என்ன வேடிக்கை என்றால் அம்மா சொல்லும் அந்தப் பவுனே இவர்கள் காசுதான், 22 காரட்டில் 7.98 கிராம் சவரன் நாணயம். பாட்டியின் காசுமாலையில் முக்காடு போட்ட விக்டோரியா முகம் நாலைந்து இடத்தில் இருக்கும், நாங்கள் சின்ன வயதில் அதை ஏதோ அம்மன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சங்கிலியை ஒன்பது வருஷமாக வாரத்தில் நாலு நாளாவது கழுத்தில் போடுகிறேன். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். 9 காரட்டின் நல்ல குணம் இங்கேதான் தெரிகிறது: கெட்டி. 22 காரட் சங்கிலி இந்த உழைப்புக்கு வளையம் வளையமாக இழுபட்டிருக்கும். ஆனாலும் தேயாமல் இல்லை. வளையமும் வளையமும் உரசும் உள்பக்கத்தில் தேய்கிறது, வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கும்போது சங்கிலியை மடித்து இரண்டு வளையம் சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். என் சங்கிலியில் நாலாவது வருஷம் டாக் கிளிப் என்கிற சுழல் கொக்கியின் ஸ்பிரிங் போய்விட்டது, பேருந்தில் நல்லவேளையாக மடியில் விழுந்தது. கொக்கியைப் புதிதாக மாற்ற 60 பவுண்ட் ஆனது. பழைய கொக்கியை வீசவில்லை, விற்கும் நாள் வந்தால் அசல் கொக்கி கூடவே இருப்பது நல்லது.

சரி, ஏமாந்த கதை. ஒரு லாக்கெட், செடிகொடி செதுக்கியது, பின்பக்கம் '9 சிடி', அதாவது 9 காரட், என்று முத்திரை. சந்தை விற்பனையாளர் விக்டோரியா காலம் என்றார், விலையும் கொஞ்சம் மலிவு, நான் துள்ளிக் குதித்து வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து திறந்து பார்த்தால் உள்ளே இன்னும் சின்னதாக 'பேக் அண்ட் ஃப்ரண்ட்' என்று இருக்கிறது. முன்னும் பின்னும் மட்டும் தங்கத் தகடு, உள்ளே சட்டமெல்லாம் வேறு உலோகம் என்று அர்த்தம். காலமும் விக்டோரியா இல்லை, அதற்கு அடுத்து வந்த தலைமுறையின் சரக்கு. காந்தம் வைத்துப் பார்த்தேனே என்று எனக்கு ஒரே கோபம், பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. இன்னொன்று பின்ச்பெக், 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரக்காரர் கிறிஸ்டோபர் பின்ச்பெக் கண்டுபிடித்த செம்பு-துத்தநாகக் கலவை, பார்க்கத் தங்கம் மாதிரியே. அதைத் தங்கம் என்று விற்றால் மோசடி, பின்ச்பெக் என்றே சொல்லி விற்றால் சேகரிப்பவர்கள் அதற்கும் நல்ல விலை கொடுக்கிறார்கள், உலகம் இப்படித்தான்.

முத்திரை இல்லாவிட்டால் போலி என்றும் முடிவு கட்டக்கூடாது. அந்தக் காலத்தில் திருமண மோதிரத்துக்கு 1855-லிருந்து முத்திரை கட்டாயம், ஆனால் ப்ரோச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி), காதணி மாதிரி மெல்லிய நகைகள் பலவற்றுக்கு விலக்கு இருந்தது. என்னிடம் உள்ள ப்ரோச்சுகளில் பாதிக்கு ஒரு புள்ளி முத்திரைகூட இல்லை. இன்றைய சட்டத்திலும் 1950-க்கு முந்தைய நகைகளை முத்திரை இல்லாமலே தங்கம் என்று விற்கலாம். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? உரைகல்லும் அமிலமும்தான், நம் பத்தர்கள் செய்வதேதான். முத்திரை இருந்தால் ஊரும் வருஷமும் கிடைத்துவிடும்: நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தை முகம் லண்டன், மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும் செஸ்டர். செஸ்டரில் முத்திரை போட்ட அலுவலகத்தை 1962-ல் மூடிவிட்டார்கள், அதனாலோ என்னவோ அந்த முத்திரை கண்ணில் பட்டாலே எனக்கு ஒரு பாசம். வருஷத்தைக் குறிக்கும் எழுத்து ஊருக்கு ஊர் வேறுபடும், ஒரு ஊர் அட்டவணையை வைத்து இன்னொரு ஊர் மோதிரத்துக்கு வயது சொல்லாதீர்கள், நான் சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன்.

இந்தப் பதினொரு வருஷத்தில் என் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்று. 15 காரட்டில் ஒரு ப்ரோச், நடுவில் பிறைநிலா, சுற்றிலும் கடுகளவு முத்துகள். அதன் மேற்பரப்பு பளபளக்காது, பீச் பழத் தோல் மாதிரி மங்கலாக, மென்மையாக இருக்கும். இங்கே இதை 'ப்ளூம்' என்கிறார்கள், தங்கம் பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் முக்கி மேல் பரப்பில் இருக்கும் செம்பை மட்டும் தின்ன விட்டுவிடுவார்கள், மேலே நல்ல மாற்றுத் தங்கம் மட்டும் ஒரு மயிரிழைக்குத் தங்கும். 15 காரட்டுக்கு இவ்வளவு நல்ல மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்று நான் வியந்ததெல்லாம் அந்த மயிரிழைதான். ஒரு முத்து விழுந்துவிட்டது என்று பக்கத்து ஊர் நகைக்கடையில் கொடுத்தேன். முத்தைப் பதித்தார்கள். கூடவே, நான் கேட்காமலே, இலவசமாக, மெஷினில் போட்டு பாலிஷும் செய்து கண்ணாடி மாதிரி கையில் கொடுத்தார்கள். "புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம்" என்று சிரித்தார் அந்தப் பையன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பூப்பைத் திரும்ப உண்டாக்கச் செய்முறை உண்டு, ஆனால் முத்து இருக்கும் நகையை அமிலத்தில் முக்க முடியாது. ஆகவே அது இனிமேல் அப்படித்தான். இப்போதெல்லாம் பழுதுக்குக் கொடுக்கும்போது 'பாலிஷ் வேண்டாம்' என்று சீட்டில் எழுதவைத்து, அதில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.

கல், முத்து விஷயத்தில் நாம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும், காரணம் நம் தேங்காய் எண்ணெய். டர்க்வாய்ஸ் கற்கள் பதித்த ஒரு லாக்கெட்டைத் தலைகுளித்து எண்ணெய் வைத்த நாட்களிலும் கழுத்தோடு விட்டிருந்தேன். அந்தக் கல் எண்ணெயைக் குடிக்கும். இரண்டு வருஷத்தில் வான நீலம் போய் மூன்று கற்கள் பாசிப்பச்சையாகிவிட்டன. திரும்பாது. பின்பக்கம் மூடிய பழைய கல் நகைகளில் கல்லுக்கு அடியில் மின்னுவதற்காகத் தகடு வைத்திருப்பார்கள், அதற்குள் தண்ணீர் போனால் கல் செத்துப்போகும், மின்னல் போய் மங்கிவிடும். பின்பக்கம் மூடியிருந்தால் நான் இப்போது வாங்குவதே இல்லை, போட்டுக்கொள்கிறவர்களுக்கு அது சரிப்படாது, பெட்டியில் வைப்பவர்கள் வாங்கட்டும்.

வளையல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீல் வைத்தவை, உள்ளே கூடு, கதவில் இடித்தால் சொட்டை விழும், எடுக்க முடியாது. வாங்கும்போது சாம்பல் நிறத் திட்டு எங்காவது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், அது ஈயப்பற்று. எவனோ அவசரத்துக்கு ஈயம் வைத்து ஒட்டியிருப்பான். பின்னால் தங்கப்பற்று வைக்கச் சூடு காட்டினால் அந்த ஈயம் தங்கத்தையே அரித்துவிடும், அதனால் நல்ல பத்தர் யாரும் தொட மாட்டார்.

ப்ரோச்சைத்தான் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பயன்படுத்துகிறேன். புடவை முந்தானை மடிப்பைத் தோளில் நிறுத்த இதைவிட நல்ல பொருள் இல்லை, பட்டுக்கு நடுவில் அந்த மங்கலான பழந்தங்கம் ஒரு தனி எடுப்பு. ஆனால் அந்தக் காலத்து ப்ரோச்சில் பூட்டு கிடையாது. வெறும் 'சி' வடிவக் கொக்கி, அதற்குள் ஊசியைச் செருகுவதுதான், ஊசி கொக்கியையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் (பழமைக்கு அது ஓர் அடையாளம்). லெஸ்டரில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்து எழுந்தபோது தோளில் மடிப்பு மட்டும் இருந்தது, ப்ரோச் இல்லை. நாற்பது பேர் இலைகளுக்கு அடியில் தேடி, கடைசியில் பாயசப் பாத்திரம் வைத்த மேசைக்குக் கீழே கிடைத்தது. அன்றிலிருந்து ஊசி முனையில் ரப்பர் அடைப்பான், கூடவே ஒரு சின்னப் பாதுகாப்புச் சங்கிலியும் ஊக்கும். ஊசியின் முனை தடித்திருப்பதால் மெல்லிய பட்டில் ஓட்டை விழும், ஜாக்கெட்டோடு சேர்த்துக் குத்துங்கள்.

இடையில் ஒன்று. ஏல விவரங்களில் 'ட்ரிச்சினாபொலி செயின்' என்று பார்த்தால் திகைக்காதீர்கள், நம் திருச்சிதான். மெல்லிய தங்கக் கம்பியைப் பின்னல் போலப் பின்னிய சங்கிலி, விக்டோரியா காலத்து லண்டனில் அதற்கு ஏக மவுசு. ஆனால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் திருச்சி ஆசாரிகள் செய்ததில்லை, பின்னல் சங்கிலி எதைக் கண்டாலும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, எங்கே செய்தது என்று கேட்காதீர்கள், திருச்சி என்றே வைத்திருக்கிறேன்.

பணக் கணக்கு. சந்தைகளில், குறிப்பாக இங்கிலாந்தின் நியூவார்க் ஊரில் நடக்கும் பழைய பொருள் சந்தையில், காலையில் முதல் ஆளாகப் போனால் பேரம் படியும். ஏலத்தில் அடித்த விலையைக் கேட்டு மயங்க வேண்டாம், அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி வரும், அந்தப் பங்குக்கு வரி வேறு. விற்கப் போனால் வியாபாரி நீங்கள் கொடுத்ததில் பாதியைச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. நான் மூன்றை விற்றிருக்கிறேன், இரண்டில் நஷ்டம். ஆல்பர்ட் சங்கிலி மட்டும் கதையே வேறு, தங்க விலை ஏறிய ஏற்றத்தில் உருக்கும் விலையே நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிட்டது. அதனாலேயே நல்ல நல்ல சங்கிலிகள் உலைக்குப் போகின்றன, சந்தையில் வருஷத்துக்கு வருஷம் குறைவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஊரில் அடகு வைக்கலாம் என்றெல்லாம் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். ஒரு தடவை ஊருக்குப் போனபோது எங்கள் பத்தர் அந்தச் சங்கிலியைக் கல்லில் உரசிவிட்டு, "செம்புக்கு இவ்வளவு வேலைப்பாடா?" என்று கேட்டுவிட்டுத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக, வீட்டில் சண்டையைக் கிளப்பிய பொருள். ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்த பிறகு விக்டோரியா சாகும்வரை கறுப்புதான் உடுத்தினார், நாடே துக்க நகை அணிந்தது. என்னிடம் உள்ளது ஒரு ப்ரோச்: தங்கத்தில் கறுப்பு எனாமல் பட்டை, அதைச் சுற்றி 'நினைவாக' என்று ஆங்கில எழுத்து, நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் பின்னலாகப் பின்னிய பழுப்பு நிற முடி. செத்துப்போன ஆளின் முடி. பின்பக்கத்தில் பெயரும் வயதும் இருக்கிறது, வயது நாலு. வாங்கி வந்து வீட்டில் மேசையில் வைத்தேன், அப்போது மாமியார் எங்களோடு தங்கியிருந்தார். என்னம்மா இது என்று கேட்டார், நானும் வாய் சும்மா இல்லாமல் முழு விவரத்தையும் சொல்லிவிட்டேன். "யாரோ பெத்த புள்ள, அது முடிய நடுவீட்டுல வைப்பியா? மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போ." என் கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் வரலாறு, கலை, ராணி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அன்று இரவே மாமியார் அந்த மேசையை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அந்த ப்ரோச்சைக் கையில் எடுத்தபோது அந்த நாலு என்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவரை முத்திரையையும் எனாமல் விரிசலையும்தான் பார்த்திருந்தேன். பதினேழில் நான் இதுவரை ஒருமுறைகூட அணியாதது அது ஒன்றுதான். விற்கவும் கை வரவில்லை, மாமியார் ஊருக்குப் போய் ஆறு வருஷமான பிறகும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, என் அலுவலக மேசை இழுப்பறையில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன்.