சொந்தமாகப் பொருத்திய கணினிக்கு ஓஇஎம் உரிமமா, ரீடெயில் உரிமமா?

சேலத்தில் உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி பொருத்துபவர்களுக்கு விண்டோஸ் 11 உரிமம் இரு வகையில் கிடைக்கிறது. கணினி தயாரிப்பவர்களுக்கென வரும் ஓஇஎம் உரிமத்தின் விலை குறைவு. ஆனால் அது முதலில் நிறுவிய கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டோடு பிணைந்துவிடும். பயனர்களுக்கு நேரடியாக விற்கப்படும் ரீடெயில் உரிமத்தையோ, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். கோடை இடிமழையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஏற்காட்டு வீட்டில் மதர்போர்டு பழுதாகி, வேறு போர்டு போட்டால், விண்டோஸைச் செயல்படுத்தச் சொல்லும் அறிவிப்பு திரையின் வலது கீழ்மூலையில் வந்து நிற்கும். ரீடெயில் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருப்பவர், செட்டிங்ஸ் பகுதிக்குள் சென்று அதை மீட்டுக்கொள்ளலாம். பாகங்களை அவ்வப்போது மாற்றும் எண்ணமுள்ளவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது ரீடெயிலையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் 25 எழுத்து விண்டோஸ் உரிமச் சாவிகளை, எவ்வளவு பழகிய கடைக்காரர் கொடுத்தாலும், வாங்கவே வேண்டாம்.