சேலம் – கொச்சி விமானம்: தருமபுரிக்காரரின் நேரக் கணக்கு

சேலம், கொச்சி விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தொலைவு சுமார் 255 கிலோமீட்டர். பெருந்துறை, அவிநாசி, பாலக்காடு, திருச்சூர் எனச் சாலை வழியே சென்றால் அது 320 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2023 அக்டோபரில் பெங்களூரு – சேலம் – கொச்சி விமான சேவை தொடங்கிய பின், தருமபுரியிலிருந்து ஒரு முறை அதில் சென்று வந்தேன்.

தருமபுரியிலிருந்து ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலைதானே என்று எண்ணி அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கக் கூடாது. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்தாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பதை இப்பகுதியினருக்குச் சொல்லத் தேவையில்லை. நான் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்; ஒரு மணி நேரத்திலேயே சென்று சேர்ந்தேன். நிலையம் சிறியது, வாசலில் இறங்கியதிலிருந்து பாதுகாப்புச் சோதனை முடிந்து அமரும்வரை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெங்களூரு விமான நிலையத்தில் நடப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும்.

விமானம் ஏறத்தாழ எழுபது பேர் அமரக்கூடிய, காற்றாடிகளால் இயங்கும் ஏடிஆர் 72. இறக்கைகள் சன்னல்களுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையில் அமர்ந்தாலும் தரை மறையாது. ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகப் பறப்பதால் காவிரியையும், பிறகு பாலக்காட்டுக் கணவாயையும் தெளிவாகக் காண முடிந்தது. முன்வரிசைகளில் காற்றாடியின் இரைச்சல் அதிகம். ஏறுவதும் இறங்குவதும் பின்வாசல் வழியே என்பதால், பின்வரிசையில் இடம் கேட்டுப் பெறுவது இரு வகையிலும் நல்லது.

பறந்த நேரம் ஒரு மணி நேரத்தைச் சற்றே கடந்தது. ஆனால் நான் கணக்கிட்டது வீட்டுப் படியிலிருந்து கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரியில் அதன் வாசல்வரை ஆன நேரத்தைத்தான். அது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். தருமபுரி வழியாகச் செல்லும் எர்ணாகுளம் இன்டர்சிட்டியில் காலையில் ஏறினால் மாலையில்தான் நெடும்பாசேரிக்கு அருகிலுள்ள ஆலுவா ரயில் நிலையம் வரும். எனவே மிச்சமாவது ஏறத்தாழ அரை நாள். (2015 முதல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நெடும்பாசேரி நிலையத்தைப் பார்ப்பதும் ஒரு கூடுதல் லாபம்.)

திரும்பும் நாளில் கொச்சியில் கொட்டிய மழையால் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மழைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எனினும் இத்தகைய தடத்தின் உண்மையான பலவீனம் அப்போதுதான் புரிந்தது: ஒரு விமானம் ரத்தானால் அதே நாளில் மாற்று விமானம் இராது. திருமணம், நேர்காணல், தொடர் விமானம் போன்ற தள்ளிப்போட முடியாத காரியங்களுக்கு நான் இதை நம்ப மாட்டேன், ரயிலையே தேர்வேன்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் காமலாபுரம் 100 கிலோமீட்டருக்குள்தான். பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளிக்குச் செல்ல அதைவிடக் கூடுதலான தூரத்தையும் பெங்களூரு நகர நெரிசலையும் கடக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. யாராக இருந்தாலும், தாம் போக வேண்டிய கிழமையில் விமானம் உண்டா என்று பார்த்த பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுப்பது நல்லது.