லித்தியமா, வல்ப்ரோயேட்டா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் குலை வெட்டுபவருக்கு இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) இருந்தால், அதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையில் கவனம் நிறைய வேண்டும். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முதுகுவலிக்கு ஐபுபுரூஃபன் போட்டாலும் அப்படித்தான். கை அதிகமாக நடுங்கி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வல்ப்ரோயேட்டில் வெயிலால் இந்தத் தொல்லை இல்லை. எடை கூடலாம், முடி கொட்டலாம், அப்புறம் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு என்றால் நான் லித்தியத்தின் பக்கம்தான். கர்ப்பத்தில் வல்ப்ரோயேட் சாப்பிட்டால், 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. அதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பது அநியாயம். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தங்கைமார் தாங்களாக நிறுத்திவிடாமல், அடுத்த தவணை வரை காத்திராமல் டாக்டரிடம் பேசுங்கள்.