“வயது பிரச்சினை இல்லை” என்று சொல்லி 385,000 ரூபாவை விழுங்கிவிட்டார்கள்: வன்னிச் சனம் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பின்னேரம்தான் அந்த நம்பர் என்னை வட்ஸ்அப்பில் புளொக் பண்ணியது. அதோடு என்னுடைய 385,000 ரூபாவும் போச்சு.

மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம். கனடா விமானப்படையில் அதிகாரியாகச் சேர்த்துவிடுகிறோம், வயது ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லி வாங்கின காசு. வாங்கினது வவுனியா டவுனில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற வெளிநாட்டு ஆலோசனை நிலையம். பெயரைப் போட்டால் மானநஷ்ட வழக்கு அது இது என்று வருவார்கள், பொலிஸ் முறைப்பாடு ஒரு வழிக்கு வரும்வரை போடாதே என்று தம்பி சொல்கிறான். சரி, போடவில்லை. அங்கே ஏறி இறங்கினவர்களுக்கு எந்தப் படிக்கட்டு என்று தெரியும்.

“முப்பத்து நாலு வயதில் உமக்கு என்ன பைலட் ஆசை?” என்று கீழே வந்து கேட்கப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டு விமானப்படை விளம்பரத்தில் பறப்புப் பிரிவு அதிகாரிக்கு 18 முதல் 22 வயது என்றுதான் இருக்கும். எனக்குப் பதினெட்டு வயது 2009இல். அந்த வருடம் நான் யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கூடாரத்தில் இருந்து தண்ணீர் வரிசைக்கு வாளியோடு ஓடிக்கொண்டிருந்தேன். உயர்தரம் பிந்தி எழுதி, கம்பஸ் பிந்திப் போய், பௌதிக விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்து, பட்டதாரி நியமனம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கதிரையில் இருந்தபோது வயது எங்கேயோ போய்விட்டது. இந்த நாட்டில் பெண்கள் விமானப்படை விமானியாகச் சிறகு வாங்கினதே 2020இல்தான். நான் 22 வயதில் போய் நின்றிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. வன்னியில் இது என் ஒருத்தியின் கதை இல்லை. எங்களிடம் படிப்பு இருக்கிறது, வயது இல்லை. மேல்மாடிக்காரர் அதை நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் கடை விரித்திருக்கிறார்கள்.

பேஸ்புக்கில் வந்த விளம்பரம் இப்படி இருந்தது: “22 தாண்டிவிட்டதா? கவலை வேண்டாம். 45 வயது வரை கனடா விமானப்படை அதிகாரி. பட்டதாரிகளுக்கு முன்னுரிமை.” பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெலிகொப்டர்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒருத்தரும் அந்தப் படி ஏறியிருக்க மாட்டார்கள். கனடாப் படையில் 22, 24 என்று வெட்டுகிற வயது எல்லை இல்லை என்பது உண்மை. அங்கே ஓய்வு வயது 60. முதல் ஒப்பந்தக் காலத்தை அதற்குள் முடிக்கக்கூடியவர் என்றால் விண்ணப்பிக்கலாம். நேரடியாக அதிகாரியாகச் சேர்கிற விமானிக்குப் பட்டம் கேட்பதும் உண்மை. 2022 நவம்பரில் கனடாக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வழி திறந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் என் கையில் தந்த பிரின்ட்டில் இந்த மூன்றும் இருந்தது. நாலாவது வரிதான் இல்லை. பேப்பரின் அடிப்பக்கம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அந்த நாலாவது வரி என்னவென்று இப்போது தெரியும்: குடியுரிமை இல்லாதவர் என்றால் கனடாவில் பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை எடுத்தவர். என்னைப் போல இங்கே கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்துகொண்டு போர்ம் நிரப்புகிறவர் இல்லை.

நம்பிக்கை எங்கே வந்தது என்று தம்பி இன்று கேட்டான். எனக்கு அந்த நிமிஷம் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

முதல் தரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அங்கே எல்லோரும் “சேர்” என்று கூப்பிடுகிற ஒருவர். நாற்பது வயதிருக்கும். என்னோடு கதைக்கவே இல்லை, அம்மாவோடுதான் கதைத்தார். “அம்மா எவடம்? இடம்பெயர்ந்து எங்க இருந்தனீங்கள்? மெனிக் பாமில எந்த சோன்?” அம்மா சோன் நம்பரைச் சொன்னா. “நாங்கள் பக்கத்து சோன் அம்மா. வேலிக் கம்பிக்கு இங்கால நிண்டு அங்கால சொந்தக்காரரைத் தேடின ஆக்கள்.” அவ்வளவுதான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊர்ச் சனம் ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரி, சாறித் தலைப்பை இழுத்துவிட்டு வசதியாக இருந்தா. அவர் உண்மையில் அங்கே இருந்தாரோ, வருகிற எல்லோரிடமும் இதையே சொல்கிறாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த முகாமை வைத்து யாவாரம் பண்ண ஒருத்தனுக்கு மனம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

யுத்தத்தில் கிபிர் போர் விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் இருந்து அம்மாவுக்குப் பிளேன் என்றாலே ஒத்துக்கொள்ளாது. இரணைமடுப் பக்கத்தால் இப்போதும் ஹெலி ஒன்று தாழப் பறந்தால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பா. எங்கள் வளவில் பங்கர் தோண்டின இடத்தில்தான் இப்போது பப்பாசி நிற்கிறது. அதனால் நேராகவே கேட்டா: “தம்பி, இவள் பிளேன் ஓடி ஆருக்கு மேல குண்டு போடப் போறாள்?”

அவர் சிரிக்கவில்லை. லாச்சியைத் திறந்து அந்த மஞ்சள் ஹெலியின் படத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “அம்மா, இது கிபிர் இல்லை. வடிவாப் பாருங்கோ, மஞ்சள் நிறம். கடலில தத்தளிக்கிற ஆக்களைக் கயிறு போட்டுத் தூக்கிற ஹெலி. உங்கட பிள்ளை ஆக்களைக் காப்பாத்தப் போறா.” அப்படி மஞ்சள் ஹெலி கனடாவில் இருக்கிறது, தேடுதல் மீட்பு வேலைக்குத்தான் நிற்கிறது, அதுவும் உண்மைதான். அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டு, படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. திரும்பிக் கொடுக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டா. அன்று இரவே சங்கிலியைக் கழற்றி அடைவு வைக்கச் சொல்லித் தந்தா.

பதிவுக் கட்டணம் 35,000. பைல் தயாரிப்பும் மெடிக்கல் பேப்பரும் என்று 150,000. கடைசியில் “இந்த இன்டேக்கில ஒரு இடம் பிடிச்சு வைக்க” என்று 200,000. கூட்டிப் பாருங்கள், 385,000. அம்மாவின் சங்கிலி, என் சீட்டுக் காசு, தம்பி காலபோக நெல் விற்று உழவு மெசினுக்கு வைத்திருந்தது, எல்லாம் அதற்குள் போனது.

பிறகு பயிற்சி என்று ஒன்று நடந்தது. கனடாவில் ட்ரென்டனில் தெரிவுச் சோதனை, சென்-ஜோனில் அதிகாரிப் பயிற்சி, மூஸ் ஜோவில் பறப்புப் பயிற்சி என்று சேர் ஊர்ப் பெயரெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். அந்த இடங்கள் எல்லாம் இருக்கின்றன, அந்த வேலைகள் அங்கேதான் நடக்கின்றன. ஆனால் வவுனியாவில் “சிமுலேட்டர்” என்று எங்களுக்குக் காட்டினது ஒரு பழைய லப்டொப்பும் பிள்ளைகள் கேம் விளையாடுகிற ஜோய்ஸ்டிக்கும். ஜோய்ஸ்டிக்கின் அடியில் விலை ஒட்டின ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. பரந்தன் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளையும் நானும் மாறி மாறி ஓடினோம், ஓடுபாதையில் ஏற்றிவிட்டு ஆளையாள் பார்த்துச் சிரித்தோம். சேர் எங்களுக்கு நெக்டோ சோடா வாங்கித் தந்தார். அந்த நெக்டோதான் இந்த 385,000க்குக் கிடைத்த ஒரே பலன் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசித் தவணை கட்டின கையோடு கனடாவில் இருந்து என்று ஒரு கடிதம் வந்தது. இலச்சினை, முத்திரை, என் பெயர், “ஒபிசர் கடெட்” என்ற பதவி எல்லாம் இருந்தது. ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சாளுக்குச் சந்தோஷத்தில் படம் எடுத்து அனுப்பினேன். அவள் உடனே கோல் எடுத்தாள். “எடியே, விலாசத்தைப் பாத்தியா? ஒட்டாவா, டொரொண்டோ எண்டு போட்டிருக்கு. ரெண்டும் வேற வேற ஊரடி. வவுனியா, யாழ்ப்பாணம் எண்டு ஒரே விலாசத்தில எழுதின மாதிரிக் கிடக்கு.” அனுப்பின ஈமெயில் ஜீமெயில். அவள் அங்கே படைக்கு ஆள் சேர்க்கிற நம்பருக்கே அடித்துக் கேட்டாள். விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் வாங்குவதில்லையாம், குடியுரிமையோ பிஆரோ கட்டாயமாம். வேறு நாட்டுப் படையில் ஏற்கெனவே தேர்ந்த விமானியாக இருந்தவர்களை வெளியில் இருந்து எடுத்த தனி வழி ஒன்று இருந்திருக்கிறது. அது எங்களைப் போல ஒரு பிளேனும் தொடாத ஆட்களுக்கு இல்லை.

இனித்தான் எனக்குக் கொதிப்பு. மச்சாள் சொன்னதைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கேட்டேன். பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களும் ஒருநாள் கேட்க நேர்ந்தால் அடையாளம் தெரியும். முதலில், “பைல் கொழும்பு மெயின் ஒபிசில நிக்குது.” பிறகு, “அங்க இப்ப கடும் ஸ்னோ, கந்தோர் ஒண்டும் திறக்கேல்லை.” பிறகு, “நீங்கள் பிறப்புச் சான்றிதழ் பிந்தித் தந்ததாலதான் இழுபடுது அக்கா.” எடுத்த எடுப்பிலேயே கொடுத்த சான்றிதழ் அது! பிறகு போனை ஒரு பிள்ளை எடுக்கத் தொடங்கினாள்: “சேர் மீற்றிங்கில.” எந்த நேரம் எடுத்தாலும் மீற்றிங். படி ஏறிப் போனால் கதவைப் பாதி திறந்துகொண்டு, “அப்பொயின்ட்மென்ட் இருக்கா?” என்று கேட்டாள். என் காசை என்னிடமிருந்து எண்ணி வாங்கினவளே அவள்தான்.

சேரைக் கடைசியாக மறித்துப் பிடித்தது கீழே, மோட்டார் சைக்கிளில் ஏறும்போது. கொஞ்சமும் கூசாமல், “அக்கா, டென்சன் ஆகாதேங்கோ. வேணுமெண்டால் இந்தப் பைலை விசிட்டர் விசாவுக்கு மாத்தித் தாறன். இன்னும் ரெண்டு லட்சம் போட்டால் காணும்” என்றார். மூன்று லட்சத்து எண்பத்தையாயிரத்தை விழுங்கின வாய் இன்னும் இரண்டு லட்சம் கேட்கிறது. நான் ரிசீற்றைக் காட்டினேன். அதில் சின்ன இங்கிலிஸ் எழுத்தில், ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது என்று போட்டிருந்ததை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணினார். “நாங்கள் வேலை எடுத்துத் தாறம் எண்டு எங்க சொன்னனாங்கள்? வழி காட்டுறம் எண்டுதானே சொன்னனாங்கள்.” இது அவருடைய கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு வட்ஸ்அப் மெசேஜ்கள், இன்று புளொக்.

என்ன செய்யலாம் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தலை வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு இவ்வளவும்:

எந்த நாட்டுப் படையும் ஆள் சேர்க்க ஏஜென்சிக்குக் காசு கட்டச் சொல்லாது. இடம் பிடித்து வைக்க என்று காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

வயதைப் பார்க்க முதல் குடியுரிமை வரியைப் பாருங்கள். அமெரிக்காவில் படை அதிகாரியாக வேண்டுமென்றால் கிறீன் காட்கூடக் காணாது, குடியுரிமை வேண்டும். இந்தியாவில் பறப்புப் பிரிவு 24 வயதோடு முடிகிறது, விமானி லைசென்ஸ் இருந்தால் 26, அதுவும் இந்தியருக்குத்தான். “தமிழ்நாட்டால போட்டுத் தாறம்” என்றும் அதே மாடியில் கதை போகிறது.

வெளிநாட்டு வேலை என்று கதைத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். “ஆலோசனை மட்டும்தான்” என்றால் விளங்கிக்கொள்ளுங்கள்.

ரிசீற்றின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். வட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள், எனக்கு இப்போது இருக்கிறது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு தம்பியோடு பொலிஸுக்குப் போகிறேன். அந்த மாடியில் காசு கட்டின வேறு ஆட்கள் இருந்தால் ரிசீற் கொப்பியோடு இன்பொக்ஸுக்கு வாருங்கள். தனி ஆளாக நின்றால் 385,000 அவர்களுக்குச் சின்னக் காசு.

பரந்தன் பிள்ளை, உம்மட நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை, பெயரும் முழுதாகத் தெரியாது. அன்று ஜோய்ஸ்டிக்கை உமக்குத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்த அக்கா நான்தான். கடைசி இரண்டு லட்சத்துக்கு வங்கியில் லோன் போட்டிருக்கிறன் என்று சொன்னீர். லோன் வந்திருந்தாலும் அங்கே கொண்டுபோய்க் கட்டாதேயும். உம்மைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் இன்று இரவே கோல் எடுத்துச் சொல்லுங்கள்.